காசிமேட்டுப் பக்கம் இன்வெர்ட்டர் ஏசி வாங்கலாமா, உழைக்குமா?

கரண்ட் மிச்சமா என்றால் ஆமாம், ஆனால் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. பழைய ஏசியின் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டரில் அறை குளிர்ந்ததும் வேகம் குறைந்து மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்கப் போடுகிறவர்களுக்கு லாபம். தினம் ஒரு மணி நேரம் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்டாரோடு, மின்சிக்கனத்தைக் காட்டும் ஐசீர் (ISEER) எண்ணையும் பாருங்கள், அதிகம் இருந்தால் நல்லது.

உழைப்புதான் நம்ம ஏரியாவில் தலைவலி. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் வடசென்னைக் கடலோரம், உப்புக்காற்று. அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்து, தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். காப்பர் காயில், அரிப்பைத் தாங்கும் பூச்சு இரண்டும் இருப்பதாக வாங்குங்கள். அவுட்டோர் யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். மாதம் ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்புதான்!

கம்ப்ரசருக்குப் 10 வருஷ வாரண்டி என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். ஆனால் ஏசியை இயக்கும் மின்னணுப் பலகையான பிசிபி போர்டும் போகலாம். அதற்கு எத்தனை வருஷம் என்று எழுத்தில் கேளுங்கள்.