நீதிபதியின் கொள்கை தீர்ப்பில் எங்கே நுழைகிறது?

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வெளிவந்ததும், "இவர் அந்தக் கட்சியின் ஆள், அதனால்தான் இப்படி எழுதியிருக்கிறார்" என்று மாணவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதை அவர்களே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அதற்கு முன், நீதிபதிக்கு உள்ள கொள்கைச் சாய்வையும் ஆட்சியாளர்களுக்கு அவர் காட்டும் பணிவையும் தனித்தனியே பார்க்க மாணவர்களைப் பழக்குங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இந்த விவாதம் பெரும்பாலும் வசவில் முடிகிறது. வேறுபாட்டை விளக்க 1970-களின் வழக்குகளைவிடப் பொருத்தமானவை எனக்குத் தெரிந்து இல்லை.

1970-இல் வங்கிகள் நாட்டுடைமைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது, பதினொருவர் அமர்வில் மாறுபட்டு அரசின் பக்கம் நின்றவர் ஏ.என்.ரே ஒருவரே. 1973 ஏப்ரலில் கேசவானந்த பாரதி வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு வந்த மறுநாளே, ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி அவர் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். அதை நாடாளுமன்றத்தில் ஆதரித்துப் பேசியவர், முன்பு சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்த மோகன் குமாரமங்கலம். நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு கருத்தில் கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம். அதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்திக் குறைக்கவே முடியாது என்று 1967-இல், நிலச் சொத்து பற்றிய கோலக்நாத் வழக்கில் தீர்ப்பளித்த அமர்வின் தலைவர் சுப்பா ராவ், சில வாரங்களிலேயே பதவி விலகி, எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளரானார். சொத்துரிமையைக் காப்பதும் ஒரு கொள்கைதான்.

இனி வி.ஆர்.கிருஷ்ண ஐயரைப் பாருங்கள். 1957-இல் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர்; தம் இடதுசாரிப் பார்வையை அவர் மறைத்ததே இல்லை. இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்கு எதிரான மனு 1975 ஜூனில் அவர் முன் வந்தபோது, இந்திரா பிரதமராகத் தொடரலாம், ஆனால் மக்களவையில் வாக்களிக்கவோ உறுப்பினருக்குரிய ஊதியம் பெறவோ கூடாது என்று நிபந்தனையுடன்தான் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை வழங்கினார். தேதி ஜூன் 24. மறுநாள் இரவு நெருக்கடிநிலை வந்துவிட்டது.

1976 ஏப்ரலில் வந்த ஜபல்பூர் ஆட்கொணர்வு வழக்கு இதற்கு நேரெதிரானது. நெருக்கடிநிலையில் சிறைவைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று நான்கு நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான எம்.எச்.பெக், கைதிகள் மீது அரசு காட்டும் அக்கறை ஏறத்தாழத் தாய்மைக்கு நிகரானது என்றே எழுதினார். பின்னாளில் ஏழைகளுக்காகப் பொதுநல வழக்கின் கதவைத் திறந்துவிட்ட பகவதியும் அந்த நால்வரில் இருந்தார் என்பதால், இதை இடது, வலது என்ற கணக்கில் அடக்க முடியாது. தனித்து நின்ற எச்.ஆர்.கன்னாவைத் தாண்டி 1977 ஜனவரியில் பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

வகுப்பில் செய்தித்தாளின் தலைப்பை விட்டுவிட்டு, தீர்ப்பின் நகலையே எடுங்கள். உச்ச நீதிமன்ற இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சட்டப்பிரிவின் சொற்கள் தெளிவாக இருக்கும் இடத்தில் கொள்கைக்கு அதிக வேலை இல்லை. "நியாயமான கட்டுப்பாடு", "பொதுநலன்" போன்ற நெகிழ்ச்சியான சொற்களுக்குப் பொருள் தேடும் பத்திகளில்தான் நீதிபதியின் உலகப் பார்வை உள்ளே வரும். அங்கே அடிக்கோடு இடச் சொல்லுங்கள். பிறகு, அதே பிரிவின்கீழ் அதே நீதிபதி எழுதிய, வேறொரு கட்சி தோற்ற வழக்கைப் பக்கத்தில் வைக்கவும். அளவுகோல் மாறவில்லை என்றால் அது கொள்கை. வழக்காடியவரைப் பார்த்து மாறியிருந்தால்தான் மாணவர்களின் சந்தேகத்துக்கு இடம் உண்டு.

அமெரிக்கச் செய்திகளில் வருவதுபோல, எந்த அதிபர் நியமித்தவர் என்று எண்ணும் முறை இங்கே அதிகம் உதவாது. அங்கே பொதுவாக ஒன்பது பேரும் சேர்ந்தே அமர்கிறார்கள். இங்கே தலைமை நீதிபதியையும் சேர்த்து 34 பேருக்கு இடம் உண்டு. பெரும்பாலான வழக்குகளை இருவர் அல்லது மூவர் அமர்வே விசாரிக்கிறது. எந்த வழக்கு யாரிடம் போகும் என்பதைத் தலைமை நீதிபதி தீர்மானிக்கிறார். 2018 ஜனவரியில் நான்கு மூத்த நீதிபதிகள் செய்தியாளர்களைச் சந்தித்து எழுப்பிய முறையீடு இந்த ஒதுக்கீட்டைப் பற்றியதே. நியமனத்திலும் 1993-க்குப் பின் பெயரைத் தேர்வது, தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் அடங்கிய கொலீஜியம் என்ற குழு. கோப்பைக் கிடப்பில் போட்டுத் தாமதப்படுத்த அரசால் முடிகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு பயிற்சி. ஜபல்பூர் வழக்கின் ஐந்து தீர்ப்புகளிலிருந்தும் ஒவ்வொரு பக்கத்தை எடுத்து, பெயர்களை மறைத்து, இவர்களில் அரசு நியமித்த ஆள் யார் என்று கேளுங்கள். விடை எழுதி முடித்த பிறகு, ஐவருமே இந்திரா காந்தியின் ஆட்சிக்காலத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் என்று சொல்லுங்கள்.