கடைக்கு முன்னே பயிற்சி: பார்வையிழந்த இளைஞனின் தாயாருக்கு

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பரீட்சையில் வணிகப் பிரிவில் சித்தியடைந்த பின் பார்வையை இழந்த உங்கள் மகனுக்கு, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிற்றுண்டிக் கடை போட்டுக் கொடுக்கலாமா, அதற்காக வங்கியிலுள்ள நிலையான வைப்பை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தொழில் பொருத்தமானதே. ஆனால் பணத்தை இப்போது எடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் பார்வையிழந்தோர் தனியே நடக்கப் பழகி, விற்பனைத் தொழிலிலும் நிலைபெற்ற வரலாற்றை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. இரண்டாம் உலகப் போரின்போது ரிச்சர்ட் ஹூவர் என்பவர், நீண்ட பிரம்பை முன்னே இடம் வலமாக வீசித் தரையை அறிந்து நடக்கும் முறையை இராணுவ மருத்துவமனை ஒன்றில் உருவாக்கினார். 1948இல் சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஹைன்ஸ் மருத்துவமனையில் பார்வையிழந்த முன்னாள் படைவீரருக்கான புனர்வாழ்வு நிலையம் தொடங்கப்பட்டபோது, அம்முறையே அங்கு அடிப்படைப் பாடமாயிற்று. இதற்கு முன்பே, 1936இல் நிறைவேறிய ராண்டால்ஃப்-ஷெப்பர்ட் சட்டம், மத்திய அரசின் கட்டடங்களில் விற்பனை நிலையம் நடத்தப் பார்வையற்றோருக்கு அனுமதி அளித்திருந்தது; பின்வந்த திருத்தங்கள் அதை முன்னுரிமையாக்கின. அத்திட்டத்தில் முதலில் பயிற்சி தருகிறார்கள், அடுத்து உரிமம் வழங்குகிறார்கள், அதன் பின்னரே இடமும் உபகரணங்களும் தொடக்கச் சரக்கும் கிடைக்கின்றன. நிலையத்தை நடத்துபவர் சம்பளத்துக்கு நிற்கும் ஊழியர் அல்லர். கொள்முதல், விலை, கணக்கு யாவற்றுக்கும் பொறுப்பான முதலாளி.

இலங்கையில் அத்தகைய முன்னுரிமைச் சட்டம் இல்லை. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோரிடம் ஆட்சேர்ப்பிலும் கல்வி நிறுவன அனுமதியிலும் பாகுபாடு காட்டலாகாது என்கிறது; கடைக்கு இடம் பெற்றுத் தர அது உதவாது. எனவே பயிற்சி முதலில், கடை பின்னர் என்ற அந்த ஒழுங்கை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். தம்பி முதலில் வெள்ளைப் பிரம்புடன் தனியாக வீதியில் நடக்கவும் பேருந்தில் சென்று வரவும் பழகட்டும். வெள்ளவத்தையின் பிரதான சாலையான காலி வீதியைத் தனியே கடக்கும் துணிவு வருவதற்கு முன் கடை திறந்தால், ஒவ்வொரு நாளும் அவரை அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வரும் வேலை உங்களுடையதாகிவிடும். கடையும் மெல்ல மெல்ல உங்களுடையதாகிவிடும்.

அடுத்து, தெரிந்தவர் கடையொன்றிலோ அலுவலகச் சிற்றுண்டிச்சாலையிலோ சில மாதங்கள் உதவியாளராக இருக்கட்டும். சம்பளம் குறைவானாலும் பரவாயில்லை. எந்த நேரத்தில் கூட்டம் வரும், மழை நாளில் எது தேங்கும், மாலையில் மிஞ்சிய ரோல்ஸையும் பற்றிஸையும் என்ன செய்வது என்பவற்றை வேறெங்கும் கற்க முடியாது.

கடையை நடைபாதையை நோக்கி அமைப்பதை விட, ஒரே ஆட்கள் நாள்தோறும் வந்து போகும் அலுவலகக் கட்டடத்தில் ஒரு சிறு விற்பனை மேசையுடன் தொடங்குவதையே நான் விரும்புவேன். ஒரு மாதத்துக்குள் வாடிக்கையாளரைக் குரலால் அடையாளம் காணலாம். பொரிக்கும் வேலையைத் தொடக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். விற்காததைத் திருப்பி எடுக்கும் தயாரிப்பாளரிடமிருந்து காலையில் உணவை வாங்கிக்கொண்டு, பொதிசெய்த பிஸ்கட், பழச்சாறு, தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றைத் தட்டில் நிலையான இடங்களில் அடுக்கினால் போதும். அடுக்கியதை உதவிக்கு வருபவர்கூட இடம் மாற்றக் கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாக்குங்கள். மாநகர சபையில் எந்த அனுமதி தேவை என்பதை முன்கூட்டியே விசாரித்து, அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் தம்பியே சந்திக்கட்டும்.

பணத்தில் ஏமாற்றிவிடுவார்கள் என்பதே உங்கள் பெரிய அச்சம் என்று புரிகிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் 2011இல் வெளியான நமது நாணயத்தாள்கள் ஒரே அகலமுடையவை. பெறுமதி கூடக் கூட நீளமும் கூடும், ஓரத்தில் தடவி உணரக்கூடிய புள்ளிகளும் உண்டு. தாள் பழையதாகும்போது புள்ளிகள் தேய்ந்துவிடுவதால் நீளத்தை அளந்து அறியும் பழக்கத்தையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். கைப்பேசியால் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தும் லங்கா கியூஆர் வழியாகப் பணம் வந்தால், வரும் குறுஞ்செய்தியைக் கைப்பேசியின் டோக்பேக் என்ற திரைவாசிப்பு வசதி வாசித்துக் காட்டும். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு அன்றாடக் கணக்கையும் அவரே எழுதலாம். வணிகம் படித்த பிள்ளைக்கு இது புதிய பாடமல்ல.

இந்த இடத்தில் உங்களிடம் அழுத்தமாகவே கேட்கிறேன்: காசுப்பெட்டியின் முன் நீங்களோ அவருடைய அப்பாவோ அமராதீர்கள். சிறு இழப்புகள் வரும். அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டியவர் அவர். பெற்றோர் பணத்தைக் கையாண்டு பிள்ளையை வெறுமனே கல்லாவுக்கு அருகே அமர்த்திய கடைகளில், பிள்ளை ஒருபோதும் வியாபாரி ஆவதில்லை.

அடுத்த சந்திப்புக்கு முன், வாடகை, தினக் கொள்முதல், எதிர்பார்க்கும் விற்பனை, மிஞ்சும் பண்டத்தால் வரும் நட்டம் ஆகியவற்றை ஒரு மாதத்துக்குக் கணக்கிட்டு எழுதிவரும்படி தம்பியிடம் சொல்லுங்கள். அவரே வந்து அதை எனக்கு விளக்கட்டும். நிலையான வைப்பில் எவ்வளவு தேவை என்பதை அந்தக் கணக்கைப் பார்த்த பின் மூவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.