சிவப்புக் கட்டம் இல்லாத பீஸ் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் சூளகிரிப் பக்கம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பத்து வருஷத்துக்கு மேலாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். கம்பெனி பெயரும் என் பெயரும் வேண்டாம். அலுமினிய காஸ்டிங்கை, அதாவது உருக்கி வார்த்த பாகத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, புளோ ஹோல் (காற்றுக் குமிழி ஓட்டை), கிராக், கோல்டு ஷட் (உலோகம் சரியாகச் சேராத கோடு) இருந்தால் ஒதுக்குவதுதான் என் வேலை. போன வருஷம் லைனில் கேமரா வைத்தார்கள். தப்பு இருப்பதாக அதற்குப் பட்ட இடத்தில் திரையில் சிவப்புக் கட்டம் போடும். நான் பார்த்து ஓகே அல்லது என்.ஜி. (சரியில்லை) அழுத்த வேண்டும்.

பயிற்சி கொடுக்க வந்தவர், “மெஷினும் மனுஷனும் சேர்ந்தா ரெண்டு பேரும் தனித்தனியா செய்யறதைவிட நல்லா வரும், ஆராய்ச்சியே சொல்லுது” என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. எண்ணெய்க் கறையைக்கூட அது புளோ ஹோல் என்கிறது. அதைவிடப் பயம், கட்டம் இல்லாத பீஸை இப்போதெல்லாம் நான் சரியாகப் பார்ப்பதே இல்லை. ஷிஃப்ட் முடிந்ததும் உட்கார்ந்து படங்களுக்கு லேபிள் போடச் சொல்கிறார்கள், அதைப் பார்த்து மெஷின் கற்றுக்கொள்ளுமாம். என்னிடமே கற்றுக்கொண்டு என்னையே அனுப்பிவிடுமா? புதிதாக வந்த டிப்ளமோ பையன் கேமரா ஓடாவிட்டால் ஒரு பீஸுக்கும் முடிவு சொல்ல மாட்டேன் என்கிறான். ஆராய்ச்சி உண்மையில் என்னதான் சொல்கிறது?

க.

*

அன்புள்ள க.,

கட்டம் இல்லாத பீஸைச் சரியாகப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். இதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. ஜெர்மனியில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், 27 கதிரியக்க மருத்துவர்களிடம் 50 மார்பக எக்ஸ்ரே படங்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்தோடும் ‘கணினியின் கணிப்பு’ என்று ஒன்று வந்தது. அதைத் தயாரித்தது ஆய்வாளர்கள்தான், சில படங்களுக்கு வேண்டுமென்றே தவறாக வைத்திருந்தார்கள். கணிப்பு சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்த மருத்துவர்கள் சுமார் 80% படங்களைச் சரியாக மதிப்பிட்டார்கள். தவறாக இருந்தபோது அது 20% அளவுக்கு இறங்கிவிட்டது. நல்ல அனுபவமுள்ளவர்கள்? அவர்களும் 82%இலிருந்து பாதிக்குக் கீழே போனார்கள். அனுபவம் கொஞ்சம் தாங்குகிறது, முழுக்கத் தாங்கவில்லை.

உங்கள் லைனில் இதற்கு ஒரு வழி உண்டு, செலவும் அதிகம் இல்லை. நீங்கள் ஓகே, என்.ஜி. அழுத்திய பிறகுதான் கட்டம் திரையில் வர வேண்டும். எல்லா பீஸுக்கும் இப்படிச் செய்தால் லைன் வேகம் குறையும், மேலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரு பங்குக்காவது செய்யலாம். கூடவே, எதுவரை ஓகே என்று காட்டும் லிமிட் சாம்பிள் போர்டில் மாட்டி வைத்திருக்கிறீர்களே, அந்த மாதிரி தெரிந்த தப்புள்ள பீஸ்களை அவ்வப்போது யாருக்கும் சொல்லாமல் லைனில் கலந்துவிடச் சொல்லுங்கள். மெஷினும் நீங்களும் சேர்ந்து கோட்டைவிட்டது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

அப்புறம், பயிற்சியாளர் சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை, பழைய கதையைச் சொல்லியிருக்கிறார். 1997இல் டீப் ப்ளூ என்ற சதுரங்கக் கணினியிடம் தோற்ற உலக சாம்பியன் காஸ்பரோவ், அடுத்த ஆண்டே ஸ்பெயினின் லியோன் நகரில் தோபலோவ் என்ற கிராண்ட்மாஸ்டரோடு ஒரு புதுவித ஆட்டம் ஆடினார். இரண்டு பேருமே பக்கத்தில் கணினி வைத்துக்கொண்டு ஆடினார்கள். 2005இல் யார் வேண்டுமானாலும் எந்தக் கணினியோடு வேண்டுமானாலும் சேர்ந்து ஆடலாம் என்று இணையத்தில் ஒரு போட்டி நடந்தது. கிராண்ட்மாஸ்டர்கள் கணினியோடு வந்தார்கள். ஜெயித்தது இரண்டு அமெரிக்க அமெச்சூர்கள். மூன்று கணினிகளை எப்போது எதற்குக் கேட்க வேண்டும், எப்போது கேட்கக் கூடாது என்பதில் அவர்கள் தேர்ந்திருந்தார்கள். நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு சதுரங்க மென்பொருள் எங்கேயோ போய்விட்டது. இப்போது மனிதர் நடுவில் கை வைத்தால் ஆட்டம் கெடுவதற்கே வாய்ப்பு அதிகம். கதையின் இந்தப் பின்பாதியை வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

2024இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட பரிசோதனைகளை, சரியாகச் சொன்னால் 106, ஒன்றாகத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். மனிதரும் மெஷினும் சேர்ந்து செய்தது, மனிதர் மட்டும் செய்ததைவிடச் சராசரியாக மேல். ஆனால் இரண்டு பேரில் யார் கெட்டிக்காரரோ அவர் தனியாகச் செய்ததைவிடச் சராசரியாகக் கீழ். முடிவெடுக்கும் வேலைகளில் இந்த இறக்கம் தெளிவாகத் தெரிந்தது. எழுதுவது, உருவாக்குவது போன்ற வேலைகளில் சேர்க்கை பலன் தரும் அறிகுறி இருந்தது. இன்னொன்று, மனிதர் மெஷினைவிடத் தேர்ந்தவராக இருந்த வேலைகளில் சேர்ந்தபோது லாபம். மெஷின் தேர்ந்ததாக இருந்த வேலைகளில் சேர்ந்தபோது நஷ்டம். தனக்குத் தெரிந்த வேலையில்தான் மனிதருக்கு எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று பிரிக்கத் தெரிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அதனால் உங்கள் கம்பெனியில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கேமரா மட்டும் பார்த்தால் எத்தனை தப்பும், நீங்கள் மட்டும் பார்த்தால் எத்தனை தப்பும் நழுவுகின்றன? கிராக்குக்கு ஒரு கணக்கு, புளோ ஹோலுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக. அந்தக் கணக்கை எடுக்காமல் ‘சேர்ந்தால் நல்லது’ என்று சொல்வதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த எண்ணெய்க் கறையையே பாருங்கள். கேமராவுக்குப் படம் மட்டும்தான் கிடைக்கிறது. நீங்கள் துணியால் துடைக்கலாம், சாய்த்துப் பார்க்கலாம், நகத்தால் வருடலாம். மெஷின் சந்தேகப்பட்ட பீஸ் உங்கள் கைக்கு வந்தால் அது நல்ல கூட்டு. அதே படத்தைத் திரையில் இன்னொரு முறை பார்க்க வைத்தால் உங்களை எதற்கு அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்? காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலையில் பெல்ட்டில் வரும் பெங்களூரா மாங்காயை அமுக்கியும் மோந்தும் பார்க்கும் கையையும் மூக்கையும் ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைப்பதற்கு இது சமம்.

மெஷின் உங்களோடு ஒத்துப்போகாததற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். 2019இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு பேர் சேர்ந்து சமைக்கும் ஒரு கணினி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். தன் நகலோடேயே ஆடிப் பழகிய மென்பொருள், தன் நகலோடு சேரும்போது அபாரமாக ஆடியது. மனிதரோடு சேர்த்தால் தடுமாறியது. தன் நகல் செய்வதையே மனிதரும் செய்வார் என்று எதிர்பார்த்தது, அவர் அப்படிச் செய்யவில்லை. மனிதர்கள் ஆடிய விதத்தைப் பார்த்து உருவாக்கிய மாதிரியோடு பழக்கியபோது கூட்டு நன்றாக வந்தது. நம் ஊரில் புதுக் காளையை முதன்முதலில் ஏரில் பூட்டும்போது பழகிய மாட்டோடு பூட்டுவார்கள், இன்னொரு புதுசோடு பூட்ட மாட்டார்கள். உங்கள் கேமரா யாருடைய படங்களில், யாருடைய தீர்ப்பில் பழகியது என்று கேட்டுப் பாருங்கள். வேறு பாகம், வேறு வெளிச்சம், வேறு ஊழியர் என்றால் எண்ணெய்க் கறையில் அது விழுவதில் ஆச்சரியமே இல்லை.

பையன் விஷயம் எனக்கு உங்கள் வேலையைவிடக் கவலையாக இருக்கிறது. லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983இலேயே எழுதிவிட்டார்: சுலபமானதை எல்லாம் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, அது திணறும் நேரத்துக்கு மட்டும் மனிதரைக் கூப்பிடுகிறோம், அந்த நேரத்துக்கு வேண்டிய பழக்கத்தையோ தினமும் அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம். உங்களுக்காவது கேமரா வருவதற்கு முந்தைய பழக்கம் கையில் இருக்கிறது. பையனுக்கு அதுவும் கிடையாது.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்குச் சாட்ஜிபிடி போன்ற உதவி, கேட்டால் விடையையே தரும். பயிற்சியின்போது அவர்கள் மதிப்பெண் 48% கூடியது. அந்த உதவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17% குறைவாக வாங்கினார்கள். இன்னொரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும் தந்து விடையைத் தராதபடி அமைத்த உதவி. அவர்கள் பயிற்சியில் இன்னும் அதிகமாக ஏறினார்கள், தேர்வில் அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லாமல் போனது. மென்பொருள் ஒன்றுதான், அமைத்த விதம்தான் வேறு. பையனுக்கும் இதையே செய்யலாம். தினமும் கொஞ்சம் பீஸ்களைக் கட்டம் இல்லாமல் பார்த்து முடிவைச் சொல்லட்டும், காரணத்தையும் சொல்லட்டும், பிறகு கட்டத்தைப் பார்க்கட்டும். அவன் சொன்னதும் கட்டமும் முரண்படும் பீஸை உங்களிடம் எடுத்து வரட்டும். கேமரா வராத காலத்தில் நீங்கள் ஒரு சீனியரிடம் இப்படித்தானே கற்றிருப்பீர்கள்.

கடைசியாக, லேபிள். மெஷின் உங்களிடம்தான் கற்கிறது, அதில் ஐயமே வேண்டாம். 2017இல் ஓப்பன்ஏஐ, டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் திரையில் ஒரு பொம்மை ரோபோவுக்குக் குட்டிக்கரணம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மனிதர் இரண்டு இரண்டு காட்சியாகப் பார்த்து, இதைவிட இது தேவலை என்று சுமார் 900 முறை சொன்னார், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வேலை. ஒரு மனிதரின் தீர்ப்பு அவ்வளவு விலை பெறும். உங்களை அனுப்புவார்களா என்றால், மெஷின் தானாக யாரையும் அனுப்பாது, அதை முடிவு செய்வது நிர்வாகம். கட்டத்தை மட்டும் பார்த்துப் பொத்தான் அழுத்தும் ஆளாக நீங்கள் ஆகிவிட்டால் அந்த முடிவு அவர்களுக்குச் சுலபம். அதற்காக லேபிளில் வேண்டுமென்றே தப்புப் போடும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த காஸ்டிங் யாரோ ஒருவர் வண்டியில் போய் உட்காரப் போகிறது.

ஆனால் ஷிஃப்ட் முடிந்த பிறகு லேபிள் போடுவது ஓவர்டைம் வேலை, அதுவும் தேர்ச்சி வேண்டிய வேலை. அந்த நேரத்தைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், லேபிளில் உங்கள் பெயரும் இருக்கட்டும். இரண்டு இன்ஸ்பெக்டர்கள் ஒரே படத்துக்கு வேறு வேறு தீர்ப்பு சொன்னால் ஒன்றை அழித்துவிடாமல் இரண்டையும் வைக்கச் சொல்லுங்கள், மெஷினுக்கும் கம்பெனிக்கும் அதில்தான் படிக்க நிறைய இருக்கிறது. மறுத்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுங்கள்.