பொறுப்பு நீதிபதியின் வாய்தா

கேள்வி: விசாரணை நீதிமன்றங்களில் வழக்குகள் பெருகிக்கொண்டே போகின்றன. கூடுதல் நீதிபதிப் பணியிடங்களை உருவாக்கினால் தேக்கம் குறையும் அல்லவா?

பதில்: குறையும். ஆனால் பணியிடத்தை உருவாக்குவது வேறு, அதில் ஒருவரை அமர்த்துவது வேறு. 10 லட்சம் பேருக்குச் சுமார் 10 நீதிபதிகளே இருந்த 1987-ஆம் ஆண்டில், அதை 50 ஆக உயர்த்த வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 120-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2002-இல் அகில இந்திய நீதிபதிகள் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, ஐந்தாண்டுகளில் படிப்படியாகச் செய்து முடிக்குமாறு ஆணையிட்டது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் அனைத்தையும் சேர்த்து எண்ணினாலும் நாம் இன்னும் 21-ஐ ஒட்டியே நிற்கிறோம். அவற்றிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று காலி.

காலி என்றால் அந்த நீதிமன்றம் பூட்டிக் கிடப்பதில்லை. பக்கத்து நீதிமன்றத்தின் நீதிபதி அதற்கும் பொறுப்பு வகிப்பார். தன்னுடைய பட்டியலே மலையாகக் குவிந்திருக்கும்போது, கிடைத்த நேரத்தில் அங்குள்ள ஜாமீன் மனுக்களையும் அவசர மனுக்களையும் மட்டுமே அவரால் கவனிக்க முடியும். மற்ற வழக்குக் கட்டுகளைப் பெஞ்ச் கிளார்க் ஒவ்வொன்றாக அழைக்க, வாய்தா தேதி விழுந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் மாறி வந்த சாட்சி கூண்டில் ஏறாமலேயே ஊர் திரும்புகிறார். அடுத்த முறை அவர் வருவாரா என்பதே உறுதியில்லை. வந்தாலும், ஆண்டுகள் கடந்தபின் மங்கிப்போன அவர் நினைவைக் குறுக்கு விசாரணை எளிதில் குலைத்துவிடும். நம் சிறைகளில் இருப்பவர்களில் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள் என்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதில் என்னை மிகவும் வருத்துவது, இந்தக் காலியிடங்களில் பெரும்பகுதி முன்கூட்டியே தெரிந்தது என்பதுதான். ஒரு நீதிபதி எந்த நாளில் ஓய்வு பெறுவார் என்பது அவர் பணியில் சேரும் அன்றே பதிவேட்டில் இருக்கிறது. அறிவிக்கை வெளியிடுவது முதல் நியமன ஆணை வழங்குவது வரை ஒவ்வொரு படிக்கும், நீதிபதி நியமனம் பற்றிய மாலிக் மஸ்ஹர் சுல்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் கால அட்டவணையே வகுத்துக் கொடுத்திருக்கிறது. அப்படியிருந்தும், தாமதத்துக்கு உயர் நீதிமன்றம் மாநில அரசைக் கைகாட்டுவதையும், மாநில அரசு உயர் நீதிமன்றத்தைக் கைகாட்டுவதையும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அட்டவணை இருவரையும்தான் கட்டுப்படுத்துகிறது.

மக்கள்தொகையை அளவுகோலாகக் கொள்வதிலும் எனக்கு நெடுநாளாக உடன்பாடில்லை. கொலை வழக்கு விசாரணையையும் காசோலை வழக்கையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் எந்த மாவட்டத்துக்கு எத்தனை நீதிபதிகள் தேவை என்பது விளங்காது. சட்ட ஆணையமே 2014-இல் தன் 245-ஆவது அறிக்கையில், புதிதாகத் தாக்கலாகும் வழக்குகளையும் தீர்க்கப்படும் வேகத்தையும் வைத்தே தேவையைக் கணக்கிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. வளர்ந்துவரும் ஒரு தொழில் நகரத்தின் குற்றவியல் நடுவருக்கு வரும் வழக்குச் சுமையும், சிறு வட்டத் தலைநகர் ஒன்றின் உரிமையியல் நீதிபதிக்கு வரும் சுமையும் ஒன்றல்ல.

நீதிபதி மட்டும் வந்தால் போதுமா என்றும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சாட்சியத்தைப் பதிவுசெய்யத் தட்டச்சர், தீர்ப்பை எடுத்தெழுதச் சுருக்கெழுத்தர், சம்மனைச் சேர்ப்பிக்கக் கட்டளைப் பணியாளர், அரசுத் தரப்பில் வாதாட வழக்கறிஞர், உட்கார ஓர் அறை என இவ்வளவும் இல்லாமல் புதிய நீதிமன்றம் இயங்காது. ஆகவே, அடுத்த முறை உங்கள் மாவட்டத்துக்குப் புதிய நீதிமன்றங்கள் அறிவிக்கப்படும்போது, அந்த அரசாணையில் ஊழியர் பணியிடங்களும் கட்டடத்துக்கான நிதியும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.