மேசையில் இருந்தும் வேலையில் இறங்க முடியவில்லையா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வீட்டில் இருந்தபடி ஆங்கில அறிக்கைகளைத் தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். காலை எட்டரைக்கு மேசையில் இருந்தால் மத்தியானத்துக்குள் ஒரு பக்கம்கூட முடிவதில்லை. ஃபோன், அக்காவின் பிள்ளைகள், வெக்கை எல்லாம் காரணம்தான். ஆனால் எல்லாரும் படுத்த பிறகும் மனம் நிற்பதில்லை. 25 நிமிடத்துக்கு மணி வைத்துப் பார்த்தேன்; சூடு பிடிக்கும் நேரத்தில் அடித்துவிடுகிறது. எப்போதாவது ஒரு நாள் நேரம் போவதே தெரியாமல் ஐந்து பக்கம் முடிந்துவிடும். அந்த நிலையை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடியுமா?

பதில்: நினைத்த நேரத்தில் வரவழைக்க முடியாது. ஆனால் அது எப்படிப்பட்ட வேலையில் வரும், எதில் வராது என்பது தெரிந்த விஷயம். வேலையை அதற்கேற்ப வெட்டி வைக்கலாம்.

உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களில் மலையேறுவோர், சதுரங்க ஆட்டக்காரர், சத்திரசிகிச்சை வைத்தியர்கள் எனப் பலரிடம் இந்த நிலை பற்றி விசாரித்தார். அவர் கண்ட நிபந்தனைகள் மூன்று: அடுத்துச் செய்ய வேண்டியது தெளிவாகத் தெரிய வேண்டும், செய்தது சரியா பிழையா என்பது உடனே தெரிய வேண்டும், வேலையின் கடினம் கைத்திறனுக்குச் சற்றே மேலே இருக்க வேண்டும். மருதமுனையில் தறியில் இருக்கும் ஒருவரைப் பாருங்கள். நாடா ஒரு தடவை ஓடினால் ஓர் இழை கூடுகிறது. நூல் அறுந்தால் அந்தக் கணமே தெரிகிறது. இவ்வளவு நெய்தாயிற்று என்பதைத் துணியே காட்டுகிறது. அவர் மனதை ஒருமுகப்படுத்தத் தனியாகப் பாடுபடத் தேவையில்லை, தறி அதைச் செய்துவிடுகிறது. உங்கள் மேசையிலோ நாற்பது பக்கக் கோப்பு ஒன்று திறந்து கிடக்கிறது. எங்கே நிற்கிறோம், எது முடிந்தது என்று எதுவும் சொல்வதில்லை. வீடு அடங்கிய பிறகும் மனம் நிற்காததற்கு முதற் காரணம் இதுதான், ஃபோன் அதற்கு அடுத்தபடி.

ஆகவே முதலில் கோப்பை வெட்டுங்கள். ஒரு துண்டு ஏறக்குறைய 250 சொல். துண்டுகளுக்கு எண் போட்டு, ஒரு கொப்பியில் அந்த எண்களை வரிசையாக எழுதி, முடிந்ததைப் பென்சிலால் வெட்டிக்கொண்டே போங்கள். கணினியில் குறிப்பதைவிடத் தாளில் வெட்டுவது நல்லது. திரையை மாற்றாமலே கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது, மொழிபெயர்ப்பாளரை அதிகம் குலைக்கும் விஷயம்: சொல் தேடல். ஒரு கலைச்சொல்லுக்குத் தமிழ் தேட இணையத்தைத் திறப்பீர்கள். இரண்டு அகராதி, ஒரு பழைய அறிக்கை, நடுவில் ஒரு மின்னஞ்சல். திரும்பி வரும்போது அந்த வாக்கியத்தின் ஓட்டம் தலையில் இருக்காது. அதனால் தேடலை வரைவிலிருந்து முற்றாகப் பிரித்துவிடுங்கள். முதல் நாள் பின்னேரமே மறுநாளைய துண்டுகளை வாசித்து, ஐயமான சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை முடிவு செய்து பட்டியல் போடுங்கள். resilience என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘தாங்குதிறன்’ என்பதா ‘மீளெழுதிறன்’ என்பதா என்ற வழக்கு அங்கேயே தீர்ந்துவிட வேண்டும். எழுதும்போது புதிதாக ஒரு சொல் தடக்கினால் அந்த இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போங்கள். துண்டு முடிந்த பிறகு நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்து நிரப்பலாம். பட்டியல் கையில் இருந்தால் 250 சொல்லின் முதல் வரைவு 40 முதல் 50 நிமிடத்தில் வர வேண்டும். ஒரு மணி தாண்டினால் அந்தப் பகுதி உங்களுக்குக் கடினம், துண்டைப் பாதியாக்குங்கள். மாறாக, ஒரே மாதிரியான அட்டவணை விளக்கங்களில் சலிப்புத் தட்டினால் துண்டைப் பெரிதாக்குங்கள்.

25 நிமிட முறை, 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் மாணவராக இருந்தபோது தனக்காக அமைத்துக்கொண்டது. வேலையைத் தொடங்கவே தயங்குபவருக்கு அது நல்ல மருந்து. நீண்ட வாக்கியங்களைத் தலையில் வைத்துப் புரட்ட வேண்டிய உங்களுக்குச் சூடேறவே 10, 15 நிமிடம் போய்விடும், மிஞ்சுவது கொஞ்சம்தான். மணியை விடுங்கள், துண்டு முடியும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு துண்டு, ஏறக்குறைய 90 நிமிடம், ஓர் அமர்வு. நாளுக்கு இரண்டு அமர்வு போதும். 1993இல் வெளியான ஆய்வொன்றில், மிகத் தேர்ந்த வயலின் மாணவர்களே தனிப்பயிற்சி செய்தது நாளுக்குச் சராசரியாக 3.5 மணிநேரம்தான். எட்டு மணிநேரமும் ஆழ்ந்து வேலை செய்யலாம் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள்.

நேரம் எது? கச்சான் காற்று வீசும் வெக்கை மாதங்களில் பகல் பதினொன்றுக்குப் பிறகு ஓட்டு வீட்டு அறையில் கடினமான வேலை ஏறாது. ஐந்தரை முதல் ஏழு வரை ஒன்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு எட்டே முக்கால் முதல் பத்தேகால் வரை மற்றொன்று. மின்னஞ்சல், பில், சொற்பட்டியல் எல்லாம் பின்னேரத்துக்கு. மத்தியானச் சோற்றுக்குப் பின் வரும் சோர்வோடு மல்லுக்கட்ட வேண்டாம். 20 நிமிடம் சாயுங்கள், அரை மணி தாண்டினால் எழும்போது தலை மந்தமாக இருக்கும். பிளேன்டீயில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணிநேரம் எடுக்கும். பத்து மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழ வேண்டுமென்றால் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம்.

ஃபோன் அடுத்த அறை அலுமாரியில் இருக்கட்டும். அவசர அழைப்பு தவறிவிடுமோ என்ற பயம் இருந்தால், தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பில் அம்மா, கணவர், வேலை தருபவர் ஆகிய எண்களை மட்டும் விதிவிலக்காக்கி, சத்தத்தைக் கூட்டி வையுங்கள். அதே எண்ணிலிருந்து மறுபடி அழைத்தால் ஒலிக்கும் வசதியும் அங்கேயே உண்டு: ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள். கோப்பை முன்பே இறக்கி வைத்தால் அமர்வு முடியும்வரை இணையத்தையும் நிறுத்திவிடலாம்.

ஒரே வளவில் அக்கா குடும்பமும் இருக்கும்போது ‘வேலையாக இருக்கிறேன்’ என்று சொன்னால் யார் காதிலும் ஏறாது; நாள் முழுக்க அப்படித்தானே இருக்கிறீர்கள். ‘பத்தேகாலுக்கு வாறன் அக்கா’ என்று மணிக்கணக்கோடு சொல்லி, சொன்ன நேரத்துக்கு எழுந்து போங்கள். சில நாளில் பிள்ளைகளும் மணிக்கூட்டைப் பார்க்கப் பழகுவார்கள். அப்படியும் யாராவது கூப்பிட்டால், எழும்புமுன் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்: எந்த வாக்கியத்தில் நிற்கிறேன், அடுத்து என்ன. விட்டுவந்த வேலையில் கவனத்தின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதை ஆய்வாளர் சோஃபி லெரோய் 2009இல் காட்டினார். இந்த ஒரு வரி அந்த ஒட்டுதலைத் தளர்த்தும், திரும்பி வரும்போது தொடங்குவதும் எளிது.

வைகாசிச் சடங்குக் காலத்தில் ஒலிபெருக்கி வைத்தால், பேச்சும் பாட்டும் மொழி வேலையைத்தான் அதிகம் குலைக்கும். சொல்லோடு சொல் மோதும். ஃபேன் இரைச்சலும் காதடைப்பானும் ஓரளவுக்கே உதவும். அந்த நாட்களில் விடியற்காலை அமர்வை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் அட்டவணை, பக்க அமைப்பு போன்றவற்றைப் பாருங்கள்.

ஒன்றிப்போய் எழுதியதெல்லாம் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஓட்டத்தில் எண்களும் ‘அல்ல’, ‘இல்லை’ போன்ற மறுப்புச் சொற்களும் நழுவும். மறுநாள் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஐந்து பக்க நாட்களின் கோப்புகளை இப்போதே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் எந்த வேலையிலும், விருப்பமான வாசிப்பில்கூட மனம் நிற்கவில்லை, நித்திரையும் சரியில்லை என்றால் வைத்தியரைப் பாருங்கள். இரத்தச்சோகை, தைரொய்ட் குறைபாடு, மனச்சோர்வு மூன்றுமே கவனத்தைக் குலைப்பவை. முதல் இரண்டும் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.