வாகனக் கட்டளையை (ஓடரை) மாற்றினால் பழைய விலை நிற்குமா?

கேள்வி: தொழிற்சாலையிலிருந்து வரவேண்டிய டபுள் கெப்புக்கு (இரு வரிசை இருக்கையுள்ள பிக்கப் வாகனம்) முற்பணம் கட்டிவிட்டேன். இப்போது நிறத்தையும் கியரையும் மாற்ற விரும்புகிறேன். உறுதியளித்த விலை மாறுமா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: விலை உறுதி உங்கள் பெயருக்கன்று, குறித்த திகதியில் பதிவான கட்டளைக்கே பொதுவாக வழங்கப்படுகிறது. நிறத்தை மட்டும் மாற்றினால் அதற்கான மேலதிகத் தொகையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் கியர், இயந்திரம், மாதிரி ஆண்டு (மொடல் ஆண்டு) ஆகியவற்றில் ஒன்றை மாற்றும்போது பழைய கட்டளை இரத்தாகி, அன்றைய விலையில் புதிதாகப் பதியப்படக்கூடும் என்பதால், திருத்திய கட்டளையில் பழைய திகதியும் விலையும் எழுத்தில் இருப்பதைப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். முகவர் தொலைபேசியில் சொல்லும் "பிரச்சினையில்லை ஐயா" ஆவணமாகாது. பற்றுச்சீட்டின் பின்புறத்துப் பொடி எழுத்தையும் வாசியுங்கள். தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், ரூபாயின் பெறுமதியும் சுங்கத்தில் அறவிடும் வரிகளும் மாறினால், அதனால் கூடும் செலவை உற்பத்தியாளரின் விலை உறுதி பொதுவாகத் தாங்காது.