சங்கப் பாட்டில் சாப்பாடு: பர்மாத் தமிழர் கேள்வி பதில்

இரங்கூனிலிருந்து ஓர் அம்மா: சங்க காலத்தில் தாளித்துச் சமைத்தார்களா?

சமைத்தார்கள் அம்மா. குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. புதுக்குடித்தனம் நடத்தும் பெண் கட்டித் தயிரைப் பிசைகிறாள், விரலை உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். மையிட்ட கண்ணில் தாளிப்புப் புகை படிகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று உண்ண, அவள் முகத்தில் வெளியே தெரிந்தும் தெரியாத ஒரு மகிழ்ச்சி. ஆறே அடி! அடுப்படிக்கு இவ்வளவு கிட்டத்தில் போன பாட்டை நான் படித்ததில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயை மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்துத் தருகிறார்கள், கூடவே மாவடு ஊறுகாயும் உண்டு.

மாந்தலே: அந்தக் குழம்பில் எத்தனை மிளகாய் போட்டிருப்பார்கள்?

ஒன்றுகூட இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் வந்த பிறகே நம் பக்கம் வந்தது. அதுவரை காரத்துக்கு மிளகுதான்.

தட்டோன்: அத்தோ தமிழர் உணவா?

பர்மியர் நூடுல்ஸ் உணவு அது. 1960களில் இங்கிருந்து போன நம் சனங்கள் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் இன்றும் அத்தோக் கடைகள் இருக்கின்றன.

பெகுவிலிருந்து ஒரு தம்பி: பட்டினப்பாலையில் ‘காழகத்து ஆக்கம்’ என்று வருகிறதே. காழகம் பர்மாதானே? அப்போதே இங்கிருந்து சோழநாட்டுக்கு அரிசி போயிருக்கிறது!

தம்பி, அடியை முழுசாகப் படியுங்கள். ‘ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்’. உணவு வந்தது ஈழத்திலிருந்து. காழகத்திலிருந்து வந்தது ஆக்கம், அதாவது அங்கே விளைந்த செல்வம். அது அரிசி என்று பாட்டில் இல்லை. காழகம் கடாரம் என்கிறார் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர்.

அதே தம்பி: கடாரமே பெகுதான் ஐயா. இராசேந்திர சோழன் இங்கே வெற்றித்தூண் நட்டான் என்கிறார்களே?

கடாரத்தைப் பெகு என்று எண்ணிய பழைய ஆய்வாளர்களின் கருத்து அது. 1918-இல் பிரெஞ்சு ஆய்வாளர் செதேஸ், சுமத்திரா பக்கத்துப் பழைய ஸ்ரீவிஜய அரசைப் பற்றி எழுதிய பிறகு, மலேசியாவின் கெடாதான் கடாரம் என்பது நிலைத்துவிட்டது. ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வரலாறு எழுதவேண்டாம்.

இரங்கூன்: அத்தோ நம் உணவா, அவர்களுடையதா?

தட்டோன்காரருக்குச் சொன்னதுதான்.

மாந்தலே: மொய்ங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸுக்கு வாழைத்தண்டை எப்போது போடவேண்டும்?

செய்முறையை வீட்டில் சமைப்பவர்களிடம் கேளுங்கள். எனக்கு ஏடுதான் தெரியும்.

தட்டோன்: செட்டிநாட்டுக் கவுனி அரிசி இங்கிருந்து போனதா?

ஆமாம், நகரத்தார் கொண்டுபோனது. காலையில் தேங்காய்த் துருவலும் எள்ளும் தூவி இங்கே விற்கிறார்களே, அந்தக் கறுப்பு ஒட்டரிசி. அங்கே சர்க்கரையும் தேங்காயும் சேர்ந்து விருந்துப் பண்டமாகிவிட்டது. இதைச் சங்க காலத்து அரிசி என்று யாராவது சொன்னால், எந்தப் பாட்டு, எந்த அடி என்று கேளுங்கள்.

பெகு தம்பி மறுபடியும்: அப்படியானால் பழங்காலத்தில் தமிழருக்கு இந்த மண்ணில் இடமே இல்லையா?

யார் அப்படிச் சொன்னது? பர்மாவின் பழைய தலைநகர் பகானில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டே இருக்கிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளத்து) மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி, அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் அணையாமல் எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்ததைத் தமிழில் பொறித்திருக்கிறார்கள். இராசேந்திரன் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியில் வரும் மாப்பப்பாளமும் பர்மாக் கடற்கரை ஊர் என்பவர்கள் உண்டு. காழகத்தை விட்டுவிட்டு இந்த இரண்டையும் படித்துவிட்டு வாருங்கள், எவ்வளவு நேரமானாலும் பேசுவோம்.